டிஸ்கோன்னா என்ன, மாமா? குழந்தைகளோடு கேட்டும் ஆடியும் தெரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது சின்னவன் பள்ளியிலிருந்து வந்த சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். ஆண்டு விழாவில் அவன் வகுப்புக்கு டிஸ்கோ ஆட்டமாம். பளபளச் சட்டை, பெரிய கறுப்புக் கண்ணாடி, சுருட்டை முடி டோப்பா எல்லாம் வாங்கி அனுப்ப வேண்டும். "டிஸ்கோன்னா என்ன மாமா?" என்று கேட்டான். "லைட்டு போட்டு ஆடுவாங்களே, அதுதான்டா" என்றேன். எட்டு வயதுக்காரன் விடுவானா? "எல்லா டான்ஸும் லைட்டு போட்டுத்தானே ஆடுறாங்க?"

அவன் கேட்டது நியாயம். எனக்கு டிஸ்கோ என்றால் உயிர், வருடக்கணக்காகக் கேட்கிறேன். ஆனால் ஒரு குழந்தைக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்ததே இல்லை. அப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனையும் அவனுடைய பதினொரு வயது அக்காவையும் கூட வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். அதில் எடுபட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன். 7 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது சரியாக வரும்.

தேவையானவை: பாட்டு போட ஒரு போன், கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர், வினாடி முள் உள்ள சுவர்க் கடிகாரம், டார்ச் லைட், தையல் சாமான் கடையில் கிடைக்கும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள், நாற்காலிகளை ஓரம் தள்ளிய ஒரு கூடம். உடையைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். எல்லோரும் சட்டையில் ஆரம்பிப்பதால்தான் பிள்ளைகளுக்கு டிஸ்கோ ஒரு மாறுவேடப் போட்டியாகப் போய்விடுகிறது.

முதல் படி: பாட்டே போடாமல் தொடங்குங்கள்

கடிகாரத்தைப் பார்த்து வினாடிக்கு ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 60. வேகம் பிடிபட்டதும் வினாடிக்கு இரண்டு. இப்போது 120. டிஸ்கோவின் சொந்த ஊர் இந்த 120தான். சில பாட்டு கொஞ்சம் மெதுவாகவும் சில கொஞ்சம் விரைவாகவும் போகும், அவ்வளவே.

இனி கையை விட்டுவிட்டு அதே வேகத்தில் காலால் தரையை மிதிக்கச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கும் ஒரே கனம். டிரம்ஸ் செட்டில் காலால் அடிக்கிற பெரிய டிரம் ஒன்று இருக்கும், 'கிக்' என்பார்கள். சாதாரண ராக் பாட்டுகளில் அது பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் விழும். டிஸ்கோவில் நான்கிலும் விழும். இதற்கு 'ஃபோர் ஆன் த ஃப்ளோர்' என்று பெயர். தாளம் தெரியாதவர், ஆடிப் பழகாதவர், வெட்கப்படுகிறவர் எல்லோருக்கும் கால் எங்கே வைப்பது என்று தரையே சொல்லிக்கொடுத்துவிடும்.

அடுத்தது 'ட்ஸ்'. இதற்கு நம் சொற்கட்டுதான் ரொம்ப வசதி. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'தகதிமி' சொல்லுங்கள். 'த' வரும்போது கால் தரையில். 'தி' வரும்போது வாயால் 'ட்ஸ்'. இரண்டாவது மிதியிலும் நான்காவது மிதியிலும் ஒரு கைத்தட்டு. ஒரே ஆள் மூன்றையும் செய்யப் பார்த்தால் குளறும், அதனால் பங்கு பிரியுங்கள். எங்கள் வீட்டில் பெரியவள் கால், சின்னவன் 'ட்ஸ்', நான் கை. அரை நிமிடம் ஓடியது. அப்புறம் சின்னவன் சிரித்துத் தொலைத்தான், எச்சில் தெறித்தது, மறுபடி முதலிலிருந்து. பரவாயில்லை. மூன்றாவது முறை மூன்றும் சேர்ந்து பூட்டிக்கொண்ட அந்த நொடியில் இரண்டு பேர் முகத்திலும் தெரிந்ததுதான் டிஸ்கோ.

அந்த 'ட்ஸ்' எங்கிருந்து வருகிறது? ஜால்ரா போல ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு தட்டுகள் ஒரு கம்பியில் நிற்கும். 'ஹை ஹாட்' என்று பெயர். காலை எடுத்தால் திறக்கும், மிதித்தால் மூடும். திறந்திருக்கும்போது அடித்துவிட்டு உடனே மூடினால் குக்கர் விசில் கிளம்பப் பார்த்து அடங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஃபிலடெல்ஃபியாவில் ஏர்ல் யங் என்ற டிரம்மர் 1973இல் 'த லவ் ஐ லாஸ்ட்' என்ற பாட்டுக்கு வாசித்ததில் நான்கு மிதியும் இந்த 'ட்ஸ்'ஸும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு வந்த டிஸ்கோ டிரம்மர்கள் பலர் அவர் வழியில்தான் வாசித்தார்கள்.

இரண்டாம் படி: பலூன் கதை

பெயரை முதலில் முடித்துவிடலாம். பிரெஞ்சில் 'பிப்ளியோதெக்' என்றால் நூலகம். அதே போக்கில் 'டிஸ்கோதெக்' என்றால் இசைத்தட்டுகள் வைத்திருக்கும் இடம். வாத்தியக் குழுவுக்குப் பதிலாகத் தட்டைப் போட்டு ஆடுகிற பாரிஸ் விடுதிகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேளம் கூப்பிடச் செலவாகும் என்று மைக் செட் கட்டிவிடுகிற கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை அமெரிக்காவில். டேவிட் மான்கூசோ என்ற பையன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தான். அங்கே சிஸ்டர் அலிசியா என்ற கன்னியாஸ்திரி, பிள்ளைகளுக்காக ஒரு அறையில் பலூன் கட்டி, ரெக்கார்டு பிளேயரில் பாட்டு போட்டு, ஜூஸ் கொடுத்து விளையாட விடுவார். அந்தப் பையன் பெரியவனாகி நியூயார்க் நகரத்தில் 647 பிராட்வே என்ற முகவரியில் ஒரு லாஃப்டில் குடியேறினான். நம் வீட்டில் லாஃப்ட் என்றால் பழைய குக்கரும் கொலுப் பெட்டியும் கிடக்கும் பரண். அந்த ஊரில் லாஃப்ட் என்றால் தொழிற்சாலை காலிசெய்துவிட்டுப் போன ஒரு மாடி முழுவதும்.

1970 பிப்ரவரி 14 அன்று மான்கூசோ அங்கே நண்பர்களை அழைத்து ஒரு விருந்து வைத்தார். பிறகு அது தொடர்ந்து நடந்தது. கூரையெல்லாம் பலூன். சாராய விற்பனை கிடையாது. பழம், ஜூஸ், சாப்பாடு. கையில் அழைப்பு இருந்தால் யாராக இருந்தாலும் உள்ளே வரலாம். நல்ல ஸ்பீக்கரில் விடியும்வரை பாட்டு. ஜனங்கள் அந்த இடத்தையே 'தி லாஃப்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இங்கே பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: யார் யார் வந்தார்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். கறுப்பின மக்கள், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஸ்பானிய மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் வந்து நிற்கும் காலம் அது. வேறு இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இங்கே கதவு திறந்திருந்தது. பெரியவள் உடனே, "அப்போ பர்த்டே பார்ட்டிக்குக் கூப்பிடாதவங்க எல்லாம் சேர்ந்து தனியா ஒரு பார்ட்டி வச்சுக்கிட்டாங்களா?" என்றாள். நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு சின்ன உபகதை உண்டு. கேமரூன் நாட்டு மனு டிபாங்கோ, 1972இல் தன் நாட்டில் நடந்த ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைக்காக ஒரு பாட்டு பதிவு செய்தார். அந்தத் தட்டின் மறுபக்கத்தில் சும்மா இருக்கட்டும் என்று போட்டது 'சோல் மகோசா'. மான்கூசோ புரூக்ளினில் ஒரு கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து லாஃப்டில் போட, ஊரே தேட ஆரம்பித்தது. கடைகளில் சரக்கு தீர்ந்துபோனது. ரேடியோ தயவில்லாமல், ஆடுகிறவர்கள் கால் வழியாகவே ஒரு பாட்டு முதலில் பிரபலமாக முடியும் என்று தெரிந்தது அப்போதுதான்.

மூன்றாம் படி: பாட்டு ஏன் நிற்கவில்லை?

இதை வாயால் விளக்காதீர்கள், விளையாட்டாக விளையாடிக் காட்டுங்கள். ஒருவர் கூடத்தில் நின்று சீராகக் கை தட்டட்டும். இன்னொருவர் அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் தட்டட்டும். கதவைத் திறங்கள். இரண்டும் மோதும், கடாமுடாவென்று இருக்கும். உள்ளே இருப்பவர் தட்டுவதை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ கூடத்துத் தட்டோடு சேரவேண்டும். சேர்ந்ததும் கூடத்தில் இருப்பவர் மெல்ல ஓய்ந்துவிடலாம். தட்டு ஒருகணமும் நிற்கவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார்.

டிஜே செய்வது இதைத்தான். அவருக்கு இரண்டு ரெக்கார்டு பிளேயர். ஒன்று ஊருக்குக் கேட்கும். இன்னொன்று அவர் ஹெட்போனில் மட்டும், அதுதான் சாத்திய கதவு. தட்டுக்கும் சுழலும் மேடைக்கும் நடுவே ஒரு வழுக்கும் துணி. மேடை கீழே சுற்றிக்கொண்டே இருக்க, தட்டை விரலால் பிடித்து நிறுத்திவைத்து, சரியான மிதியில் விட்டுவிடுவார். நியூயார்க்கில் 1969, 70 வாக்கில் ஃபிரான்சிஸ் கிராஸோ இதை ஒரு கலையாக்கினார். அவர் வாசித்த 'சாங்க்சுவரி' என்ற கிளப் முன்பு ஒரு சர்ச்சாக இருந்த கட்டடம்.

பாட்டு மாறும் இடம் சரி, ஆனால் பாட்டே மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே? அப்போது ஒற்றைப் பாட்டு வருவது 7 அங்குலச் சின்னத் தட்டில். டாம் மூல்டன் என்பவர் பாட்டுகளை வெட்டி ஒட்டி நீளமாக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் தட்டு வெட்டும் இடத்தில் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. பெரியதுதான் இருக்கிறது என்றார் ஹோசே ரோட்ரிகஸ் என்ற என்ஜினியர். அவ்வளவு பெரிய தட்டில் கோடுகள் ஓரமாக ஒண்டிக்கொண்டிருப்பது அசிங்கமாக இருக்கிறதே என்று மூல்டன் பரத்தி வெட்டச் சொன்னார். கேட்டுப் பார்த்தால் சத்தம் அள்ளுகிறது! டிபன் தட்டில் நெருக்கிப் பரிமாறினால் சாம்பாரும் பாயசமும் கலந்துவிடும், தலைவாழை இலையில் எல்லாம் தனித்தனியாக நிற்கும் அல்லவா, அதே கதை. கனமான பாஸ் ஒலிக்குக் கோடு அகலமாக நெளிய வேண்டும், நெளிய இடம் வேண்டும். இப்படித்தான் ஒற்றைப் பாட்டுக்கு 12 அங்குலத் தட்டு பிறந்தது. 1976இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே 9 நிமிடத்துக்கு மேல் இழுத்துக் கொடுத்தது கடைக்கு வந்த முதல் 12 அங்குல ஒற்றைப் பாட்டு.

நான்காம் படி: நாலு பாட்டு, நாலு கேள்வி

பாட்டைப் போட்டுவிட்டு "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் "ம்" என்பார்கள், அதோடு முடிந்தது. காதுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

'தி ஹஸில்', வான் மெக்காய், 1975. கேள்வி: இந்தப் பாட்டில் யார் பாடுவது? மனிதக் குரல் அங்கங்கே இரண்டொரு சொல்தான் சொல்கிறது. மெட்டைப் பாடுவது குழல். பின்னால் வயலின்கள் பட்டுத்துணி விரித்த மாதிரி. டிஸ்கோ என்றால் மெஷின் சத்தம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. அந்தக் காலத்து டிஸ்கோவில் முக்கால்வாசி, ஸ்டூடியோ நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசித்தது.

'ஐ வில் சர்வைவ்', குளோரியா கேய்னர், 1978. கேள்வி: கால் எப்போது தொடங்குகிறது? விருத்தம் பாடுகிற மாதிரி தாளமில்லாமல் ஆரம்பித்து, பிறகு மிதி வந்து பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் போட்டி. இதுவும் தட்டின் மறுபக்கத்தில் ஒளிந்திருந்த பாட்டுதான். டிஜேக்கள் திருப்பிப் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். சிறந்த டிஸ்கோ பாட்டுக்கென்று கிராமி விருது ஒரே ஒரு முறைதான், 1980இல், கொடுத்தார்கள். அதை வாங்கியது இது.

'ஸ்டேயின் அலைவ்', பீ ஜீஸ், 1977. கேள்வி: இந்த டிரம்ஸ் ஏன் கொஞ்சமும் மாறவில்லை? பதிவின் நடுவில் டிரம்மர் குடும்ப அவசரமாக ஊருக்குப் போய்விட்டார். 'நைட் ஃபீவர்' பாட்டுக்கு அவர் ஏற்கெனவே வாசித்திருந்த ஒரு துண்டு டேப்பை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். தட்டில் டிரம்மர் பெயர் போட வேண்டுமே? 'பெர்னார்ட் லூப்' என்று ஒரு கற்பனை ஆளின் பெயரைப் போட்டார்கள். லூப் என்றால் வளையம்தான். இன்னொரு உபயோகமும் உண்டு: இதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 103. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அதனால் முதலுதவி வகுப்புகளில் இந்தப் பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே அழுத்தச் சொல்லித்தருகிறார்கள். தலையணையை வைத்துப் பழகிப் பாருங்கள். தம்பியை வைத்து வேண்டாம்.

'ஐ ஃபீல் லவ்', டோனா சம்மர், 1977. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் சேர்ந்து மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்து உருவாக்கியது. கிட்டத்தட்ட எல்லாமே மெஷின். இயர்போனில் போட்டு, ஆளுக்கு ஒரு காது கொடுங்கள். "உனக்கு என்ன கேட்குது?" "உனக்கு?" ஒருவருக்குக் கேட்ட துணுக்கு மற்றவருக்கு ஒரு இமைப்பொழுது தள்ளி எதிரொலியாகக் கேட்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஓட்டம். இத்தனை மெஷின் நடுவில் கிக் டிரம்மை மட்டும் கீத் ஃபோர்ஸி என்ற மனிதர் உட்கார்ந்து மிதித்தார். மெஷினின் மிதியில் கனம் போதவில்லை. பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதே கூட்டணியின் 1975 பாட்டு ஒன்று அடுத்ததாகத் தானாகவே ஓடும். பிள்ளைகள் இருக்கும்போது ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் படி: கண்ணாடி உருண்டை

தெர்மாகோல் பந்து ஒன்று, ரவிக்கையில் வைத்துத் தைக்கிற சதுரக் கண்ணாடித் துண்டு நூறு நூற்றைம்பது, ஃபெவிகால். பந்தின் நடு இடுப்பில் ஒரு வரிசை ஒட்டிவிட்டு அங்கிருந்து மேலும் கீழுமாகப் போங்கள். உச்சியில் தொடங்கினால் கோணலாகிவிடும். துண்டுகளின் விளிம்பு கையைக் கீறும், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முழுதாகக் காய ஒரு இரவு விடுங்கள். நாங்கள் விடவில்லை, தொங்கவிட்டதும் கண்ணாடி ஒவ்வொன்றாகச் சோளப்பொரி மாதிரி உதிர்ந்தது.

நூலில் கட்டித் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து, ஒரு மூலையிலிருந்து டார்ச் அடியுங்கள். மெல்லச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு புள்ளி. நூறு துண்டு என்றால் ஒரே நேரத்தில் நூறு புள்ளியா? இல்லை, டார்ச் பக்கம் திரும்பியிருக்கும் துண்டுகள் மட்டும்தான். எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். பந்து சோம்பலாகச் சுற்றினாலும் புள்ளிகள் ஏன் இப்படி ஓடுகின்றன? கையில் ஒரே ஒரு கண்ணாடியை வைத்துக் காட்டுங்கள். கண்ணாடியை எவ்வளவு திருப்புகிறோமோ அதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் திரும்பும்.

இந்த உருண்டை டிஸ்கோவின் பிள்ளை இல்லை, தாத்தா. லூயி பெர்னார்ட் வோஸ்ட் என்பவர் 1917லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1920களின் நடனக் கூடங்களில் தொங்கியது.

ஆறாம் படி: ஆட்டம்

ஹஸில் ஆட்டம் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளிடமிருந்து வந்தது. உண்மையான ஹஸில் ஜோடியாகக் கைகோத்து ஆடுவது. தாளம் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு ருசி இருக்கிறது: பாட்டு நான்கு நான்காகப் போகும், கால் மூன்று மூன்றாக எண்ணும். 12 மிதிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இடத்தில் வந்து இறங்கும். சதுஸ்ரத்தின்மேல் திஸ்ரம் ஓட்டுகிற அதே கணக்கு. ஆனால் இது குழந்தைகளுக்கு முதல் நாளே வராது, வரிசையாக நின்று ஆடும் எளிய வகையைச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் கூடத்துக்கு ஏற்ற மாதிரி நான் கொஞ்சம் மாற்றியது இது:

வலது காலில் தொடங்கி மூன்று எட்டு பின்னால். நான்கில் இடது கால் நுனியைத் தரையில் தட்டி ஒரு கைத்தட்டு. இடது காலில் தொடங்கி மூன்று எட்டு முன்னால். நான்கில் வலது நுனி, கைத்தட்டு. பிறகு வலப்பக்கம்: வலது கால் பக்கவாட்டில், இடது கால் அதன் பின்னால், மறுபடி வலது, நான்கில் இடது நுனி. அதையே இடப்பக்கம். இதோடு 16 எண்ணிக்கை. அடுத்த 8: வலது ஆள்காட்டி விரல் ஒருமுறை வானத்துக்கு, ஒருமுறை இடது இடுப்புக்கு, நான்கு தடவை. கடைசி 8: முன்னங்கை இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் ராட்டினமாகச் சுற்றிக்கொண்டே இடப்பக்கம் கால்வட்டம் திரும்ப வேண்டும். மொத்தம் 32. நான்கு தடவை ஆடினால் நான்கு சுவரையும் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடலாம்.

முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு 'தகதிமி' சொல்லிக்கொண்டு, கடைசியாகப் பாட்டோடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம் 'சோல் டிரெய்ன்' வரிசை. 1970இல் சிகாகோவில் டான் கொர்னீலியஸ் தொடங்கி, அடுத்த வருடம் அமெரிக்கா முழுக்கப் போன டிவி நிகழ்ச்சி அது. ஆடுகிறவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் உள்ள சந்து வழியே ஒருவரோ இருவரோ தங்களுக்குத் தோன்றியபடி ஆடிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் இதை விடாதீர்கள். பெரியவள் கூட்டத்தில் ஆடவே மாட்டாள். முதல் சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். அதுவும் மிதிக்குச் சரியாக விழுந்ததால் எல்லோரும் தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் அதே நடை, கடைசியில் மட்டும் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் என்ன செய்தாள் என்று நான் எழுதினால் என்னோடு பேச மாட்டாள்.

ஏழாம் படி: கயிறும் தீயும்

லாஃப்டில் கதவு திறந்திருந்தது என்று சொன்னோம். 1977 ஏப்ரலில் நியூயார்க்கில் 'ஸ்டூடியோ 54' திறந்தது. வாசலில் வெல்வெட் கயிறு. யார் உள்ளே வரலாம் என்று ஒரு ஆள் முகத்தையும் உடையையும் பார்த்துப் பொறுக்குவார். அந்த வருடக் கடைசி இரவு நைல் ராஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்து அங்கே போனார்கள். வாசலில் விடவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவர்களுடைய சொந்தப் பாட்டாகக்கூட இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்க் கோபத்தில் கித்தாரும் பாஸ் கித்தாரும் வாசித்துக் காவல்காரரைத் திட்டி ஒரு பாட்டு கட்டினார்கள். பிறகு திட்டுவார்த்தையை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். அதுதான் 1978இல் வந்த 'லெ ஃப்ரீக்'; அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

வெள்ளை கோட்டு, ஒரு விரல் வானத்தில், ஒளிரும் தரை என்று நம் மனதில் நிற்கிற படம் 1977 டிசம்பரில் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' சினிமாவிலிருந்து வருவது. அதற்கு மூலமான பத்திரிகைக் கட்டுரையின் நாயகன் கற்பனை என்று எழுதியவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பாட்டெல்லாம் துள்ளல், ஆனால் கதை இருட்டு. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.

அந்தப் படத்துக்குப் பிறகு ரேடியோவில் எங்கு திருப்பினாலும் டிஸ்கோ. சலித்தவர்கள் இருந்தார்கள், அது நியாயம். ஆனால் 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் நடந்தது வெறும் சலிப்பு இல்லை. ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளரின் ஏற்பாடு: ஒரு டிஸ்கோ தட்டு கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய, புல்தரை நாசமாகி, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. உள்ளூர் அணி தோற்றதாக அறிவித்தார்கள்.

அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் 15 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் இருந்தான், வின்ஸ் லாரன்ஸ். கூட்டம் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாதவையும் நிறைய இருந்ததைக் கவனித்தான். கறுப்பினக் கலைஞர்கள் பாடியது என்பதுதான் அவற்றுக்கு இருந்த ஒரே பொருத்தம். சின்னவன் இந்த இடத்தில், "அந்தப் பையன் என்ன பண்ணான்?" என்று கேட்டான். சிந்தசைசர் வாங்கினான். அதே ஊரில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ தட்டுகளை வைத்துப் புதிதாக ஏதோ செய்துகொண்டிருந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' இசை என்ற பெயர் வந்தது. 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து லாரன்ஸ் உருவாக்கிய 'ஆன் அண்ட் ஆன்'தான் முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் சொல்வார்கள். போட்டுக் கேளுங்கள். அதே நான்கு மிதி.

நம் பக்கத்துக்கு டிஸ்கோ வந்த வழி வேறு. பெங்களூரில் பிறந்து லண்டன் போன பித்து, 1974இல் 'குங்ஃபூ ஃபைட்டிங்' தயாரித்து உலகைக் கலக்கியவர். அவர் 1980இல் நாசியா ஹசன் என்ற 15 வயதுப் பாகிஸ்தானியப் பெண்ணை லண்டனில் பாடவைத்து 'குர்பானி' என்ற இந்திப் படத்துக்கு ஒரு பாட்டு கொடுத்தார். இங்கே டிஸ்கோ அலை எழும்பியது அதிலிருந்து. 15 வயது என்றதும் பெரியவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இன்னும் நாலு வருடம் இருக்கிறதாம்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சின்னவன் போன் செய்தான். பள்ளியில் ஒத்திகைக்குப் போடுகிற பாட்டை எங்கிருந்தோ பிடித்து எனக்கு ஓடவிட்டான். "கேட்டியா மாமா? நான் மிதிச்சு மிதிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணு மூணு மட்டும்தான் வருது. ரெண்டையும் நாலையும் காணோம். மிஸ்கிட்ட சொன்னா, நீ போய் டோப்பா கொண்டு வான்றாங்க."

டோப்பா 180 ரூபாய். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.